விக்டரி கப்பலா படாவியா கப்பலா: மைன்கிராஃப்ட்ல பாய்மரக் கப்பல் கட்டப் போறவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை தான் மைன்கிராஃப்ட்ல, அதாவது பிளாக் பிளாக்கா அடுக்கிக் கட்டுற அந்த கேம்ல, எங்க படாவியா கப்பலுக்கு கடைசிப் பாயைக் கட்டி முடிச்சோம். நானும் எங்க அக்கா பையனும். நான் ஆரம்பாக்கம், அவன் சூளூர்பேட்டை, நடுவுல தடாவும் அக்கம்பேட்டையும் தான், ட்ரெயின் ஏறினா சீக்கிரம் போயிடலாம், அதனால வாரா வாரம் அவங்க வீட்டுத் திண்ணைல ஆளுக்கொரு ஃபோனோட உக்காந்துடுவோம். கோடை லீவுல ஆரம்பிச்சது இது. ஆனா முதல்ல நாங்க கட்ட ஆரம்பிச்சது படாவியா இல்ல, விக்டரி. அதை பாதில விட்டுட்டு தான் இதுக்கு வந்தோம், ஏன் விட்டோம் எதுக்கு இதுக்கு வந்தோம்னு சொன்னா புதுசா கட்டப் போறவங்களுக்கு ரெண்டு மூணு மாசம் மிச்சமாகும்னு தான் எழுதுறேன்.

எது என்ன கப்பல்னு சுருக்கமா சொல்லிடறேன். விக்டரிங்கிறது 1765-ல கடல்ல இறக்கின இங்கிலீஷ்காரன் போர்க்கப்பல், 104 பீரங்கி, 1805 டிரஃபால்கர் கடற்சண்டைல அவங்க தளபதி நெல்சன் இருந்த கப்பல், இப்பவும் போர்ட்ஸ்மத்துல நிக்குது. படாவியா டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட கப்பல், 1628-ல கட்டினது, முதல் பயணத்துலயே 1629-ல ஆஸ்திரேலியாவுக்கு மேற்கால இருக்குற பாறைத்திட்டுல மோதி உடைஞ்சு போச்சு. அதே மாதிரி ஒண்ணை நெதர்லாந்துல லேலிஸ்டாட்னு ஒரு ஊர்ல 1985-ல ஆரம்பிச்சு 1995-ல கட்டி முடிச்சாங்க, அதோட ஃபோட்டோ நெட்ல எல்லா ஆங்கிள்லயும் கிடைக்கும். விக்டரிக்கும் ஃபோட்டோவும் வரைபடமும் கொட்டிக் கிடக்கு. அதனால ரெஃபரன்ஸ் விஷயத்துல ரெண்டுமே ஒண்ணு தான், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

அழகை வச்சும் முடிவு பண்ண முடியாது. விக்டரி பக்கவாட்டுல கறுப்பும் மஞ்சளுமா பட்டை பட்டையா போகுமே, அதைப் பார்த்துட்டு தான் பையன் அதுவே வேணும்னான். சில வருஷம் முன்னாடி பழைய பெயின்ட்டை ஆராய்ச்சி பண்ணி அந்த மஞ்சளை வெளிறின ஒரு நிறத்துக்கு மாத்திட்டாங்க, அதனால பழைய ஃபோட்டோ பார்த்து கட்டுறதா புதுசு பார்த்து கட்டுறதான்னு முதல்லயே பேசி வச்சுக்கங்க. படாவியாவோட அழகு பூரா பின்பக்கத்துல இருக்கு. உசந்த பின்புறம், செதுக்கு வேலை, சிவப்பு பச்சை தங்கம், அணியத்துல, அதாவது கப்பல் மூக்குல, ஒரு சிங்கம். டிராப்டோரும் (படுக்கையா கிடந்து, திறந்தா நிமிர்ற மெல்லிசு கதவு) ஸ்டேரும் (படி மாதிரி பிளாக்) வச்சு விளையாடுறவங்களுக்கு அங்கயே ஒரு வாரம் ஓடிடும்.

இப்ப உண்மையான விஷயத்துக்கு வரேன். இதை மட்டும் நிதானமா படிங்க.

மைன்கிராஃப்ட்ல ஒரு பிளாக் ஒரு மீட்டர். நம்ம ஆள் உயரம் 1.8. அவன் நிமிர்ந்து நடக்க ரெண்டு பிளாக் இடம் வேணும், தரைக்கு ஒரு பிளாக், ஆக ஒரு தளத்துக்கு மூணு பிளாக். நிஜக் கப்பல்ல அப்படி கிடையாது. பழைய போர்க்கப்பல்ல ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் ரெண்டு மீட்டர் சொச்சம் தான் இருக்கும், உயரமான ஆளா இருந்தா உத்தரத்துக்கு உத்தரம் குனிஞ்சு தான் போகணும். இந்த முக்கா மீட்டர் வித்தியாசம் ஒரு தளத்துல பெருசா தெரியாது. ஆனா விக்டரிக்கு பீரங்கித் தளமே மூணு. அதுக்குக் கீழ ஒரு தளம், சரக்கு அறை, மேல கேப்டன் நிக்கிற தளம், அதுக்கு மேல இன்னொண்ணு. மூணு பீரங்கித் தளம் நிஜத்துல ஆறரை ஏழு மீட்டருக்குள்ள அடங்கும், கேம்ல ஒன்பது பிளாக் ஆயிடும். மத்த தளத்தையும் சேர்த்தா கப்பல் மாதிரி இருக்காது, தண்ணில நிறுத்தின அபார்ட்மென்ட் மாதிரி இருக்கும். எங்களுது அப்படித் தான் இருந்துச்சு. கரைல நின்னு பார்த்தப்போ பையன் முகமே விழுந்துடுச்சு, நீளத்துல ஒரு பிளாக் கூட தப்பு இல்ல, அகலமும் சரி, ஆனா உருவம் மட்டும் விக்டரி இல்ல.

சரி, தரையை ஸ்லாப்ல, அதாவது அரை உயர பிளாக்ல, போட்டா தளத்துக்கு ரெண்டரை தானே ஆகும்னு தோணும். எங்களுக்கும் தோணுச்சு. மூணு தளத்தையும் இடிச்சுட்டு ஸ்லாப்ல போட்டோம். முதல் தளத்துக்கு கீழ்ப்பாதி ஸ்லாப், அடுத்ததுக்கு மேல்பாதி ஸ்லாப், அதுக்கு அடுத்தது திரும்ப கீழ்ப்பாதி, இப்படி மாத்தி மாத்தி வரும். உள்ள நடக்க நல்லாவே இருந்துச்சு. வெளில வந்து பீரங்கி வாசல் வெட்டும்போது தான் சிக்கல். வாசல் முழு பிளாக் கணக்குல தான் வெட்ட முடியும். முதல் தளத்துல தரைக்கு அரை பிளாக் மேல வாசல் வருது, ரெண்டாவது தளத்துல ஒண்ணு தரையோட தரையா வரும் இல்லேன்னா ஒரு பிளாக் மேல போயிடும், மூணாவதுல திரும்ப அரை. அதனால வெளிலேர்ந்து பார்த்தா முதல் வரிசைக்கும் ரெண்டாவதுக்கும் ஒரு இடைவெளி, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் வேற இடைவெளி. நடுவுல போற மஞ்சள் பட்டை ஒரு இடத்துல ஒல்லி, ஒரு இடத்துல தடிப்பு. விக்டரிக்கு அந்தப் பட்டை தான் முகமே, அது கோணினா எல்லாம் போச்சு.

மிச்சம் ஒரே வழி, ஸ்கேலை ஏத்துறது. மூணு பிளாக் தளம் அளவா தெரியணும்னா ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 69 மீட்டர் கப்பல் 104 பிளாக் ஆகும், அகலம் 16 கிட்ட இருந்தது 24 கிட்ட போகும். ஒன்றரை தானேன்னு நினைக்காதீங்க, வெளிப்பலகை 2.25 மடங்கு, உள்ள நிரப்ப வேண்டிய இடம் 3.375 மடங்கு. உள்ள வெறுமையா விடலாம்னா விடலாம், ஆனா ஏறி உள்ள போய் நடக்க முடியாத கப்பலைக் கட்டுறதுல எனக்கு மனசு ஒப்பல. இன்னொண்ணு, ஃபோன்ல ரெண்டர் டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு தூரம் வரைக்கும் திரைல காட்டணும்ங்கிறது, ஆறு சங்க் (ஒரு சங்க் 16 பிளாக்) வச்சா 96 பிளாக் வரைக்கும் தான் தெரியும். 104 பிளாக் கப்பலோட ஒரு முனைல நின்னா மறுமுனை மூடுபனில மறைஞ்சுடும். நல்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்ல, கம்ப்யூட்டர்ல ஓடுற ஜாவா எடிஷன்ல, மொத்தமா கட்டித் தர்ற வேர்ல்ட்எடிட் போட்டு மளமளன்னு கட்டுறவங்க தாராளமா விக்டரிக்கே போகலாம். நான் சொல்றது ஃபோன்ல பெட்ராக் எடிஷன் விளையாடுறவங்களுக்கு, ஒரு இடத்தை பிளாக்கால நிரப்புற ஃபில் கமாண்டும் கையும் தான் நமக்கு.

படாவியாவுல இந்தத் தொல்லையே வரல. முழு நீளத்துக்குப் போற பீரங்கித் தளம் ஒண்ணே ஒண்ணு, அதுக்குக் கீழ சரக்கு இடம், மேல திறந்த தளம், பின்னாடி மட்டும் அறை அறையா ஏறிப் போகும். சரக்குக் கப்பல்ங்கிறதால வயிறு ஆழமா இருக்கும், அங்க மூணு இல்ல நாலு பிளாக் கொடுத்தாலும் உறுத்தாது. பீரங்கித் தளத்துல கூடுற ஒரு பிளாக்கை சரக்கு அறைல குறைச்சுட்டோம், வெளிலேர்ந்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒண்ணுக்கு ஒண்ணு ஸ்கேல்லயே உருவம் சரியா உக்காந்துச்சு. மொத்த நீளம் 56 மீட்டர் சொச்சம், அகலம் பத்தரை, நாங்க 11 பிளாக் எடுத்தோம். அகலத்தை எப்பவும் ஒத்தைப்படைல எடுங்க, அப்பதான் ஏராவும் (கப்பலோட அடிக்கட்டை) பாய்மரமும் நட்ட நடுவுல ஒரு பிளாக்ல நிக்கும், இரட்டைப்படைல எடுத்துட்டு அப்புறம் மாத்தணும்னா கப்பலையே ரெண்டா பொளக்கணும்.

பீரங்கி வாசல் கதவுக்கு ஒரு சின்ன வழி சொல்றேன். வாசல் வரப் போற பிளாக்குக்கு வெளிப்பக்கம் டிராப்டோரை மேல்பாதில ஒட்டுங்க, ஒட்டினப்புறம் உள்ள இருக்குற பிளாக்கை உடைச்சுடுங்க, டிராப்டோர் விழாது. அது மூடி இருக்கும்போது பலகை வெளில நீட்டிட்டு நிக்கும், அதாவது கதவைத் தூக்கி வச்சு பீரங்கி எட்டிப் பார்க்குற மாதிரி. தொட்டு திறந்தா அது கப்பல் பக்கத்தோட ஒட்டி ஓட்டையை அடைச்சுடும். பையன் ஒரு பக்கம் பூரா வரிசையா ஓடி ஓடி தட்டிட்டு வருவான், கதவு ஒண்ணொண்ணா சாத்திக்கிட்டே வரும், அதைப் பார்க்கறதுக்கே கட்டலாம்.

பராமரிப்புலயும் படாவியா தான் லேசு. விக்டரிக்கு 1780-ல அடிப்பாகம் பூரா செம்புத் தகடு அடிச்சாங்க. கேம்ல காப்பர் பிளாக் போட்டா நாளாக நாளாக பச்சை பூத்துடும், தேன்மெழுகு தடவின காப்பரா இருந்தா தான் நிறம் நிக்கும். படாவியாவுக்கு ஸ்ப்ரூஸ் பலகையும் டார்க் ஓக்கும் போதும்.

பாய் விஷயம் ரெண்டுக்குமே பொது. வூல் (கம்பளி பிளாக்) தான் போடணும், வூல் தீப்பிடிக்கும். முன்மரத்துப் பாய் ரெண்டு நாள் முன்னாடி தான் கட்டி முடிச்சிருந்தோம், ஒரு மழைல மின்னல் அடிச்சு பாதி பாய் போயிடுச்சு. அன்னிக்கு தான் செட்டிங்ஸ்ல தீ பரவுறதை ஆஃப் பண்ணோம், நடுமரத்து உச்சில மின்னல் கம்பியும் வச்சோம். முதல் பாய் கட்டறதுக்கு முன்னாடியே ரெண்டையும் பண்ணிடுங்க. பாய் தட்டையா இருந்தா துணி காயப் போட்ட மாதிரி இருக்கும், நடுவுல ரெண்டு பிளாக் முன்னால தள்ளி ஓரத்துக்கு வர வர பின்னால வாங்கினா காத்து நிறைஞ்ச மாதிரி வரும். பின்மரத்து முக்கோணப் பாய் தான் கஷ்டம், அதோட கம்பு சாய்வா போகுது, ஃபென்ஸ் சாய்வா சேராது, ஸ்டேரைப் படிப்படியா அடுக்கித் தான் கொண்டு வந்தோம். கயித்து வேலை இன்னும் எனக்கு திருப்தியா வரல. செயின் நேரா தான் நிக்கும், கயிறு சாய்வா இழுத்துக் கட்டினது. விக்டரில பாயும் கயிறும் இன்னும் பல மடங்கு, அந்தக் கட்டத்துக்கு நாங்க போகவே இல்ல.

நடுவுல இருக்குற கப்பல் எதுவும் கிடையாதான்னு கேட்டா, வாசான்னு சுவீடன் நாட்டுக் கப்பல் இருக்கு. ரெண்டு பீரங்கித் தளம், 64 பீரங்கி, அதுவும் 1628 தான், கிளம்பி 1300 மீட்டர் போறதுக்குள்ள கவிழ்ந்து முழுகிடுச்சு, 1961-ல தூக்கிட்டாங்க. ரெண்டு தளம்ங்கிறதால ஸ்லாப் கணக்குல சமாளிச்சுடலாம்னு தான் நினைக்கிறேன், ஆனா நான் கட்டிப் பார்க்கல. நம்ம நாட்டுக் கப்பல் தான் வேணும்னா 2025 மே மாசம் கார்வார்ல நேவில சேர்த்தாங்களே ஐஎன்எஸ்வி கௌண்டின்யா, அஜந்தா ஓவியத்தைப் பார்த்து ஆணி இல்லாம கயித்தால பலகையைத் தச்சு கட்டினது, மனசுக்கு ரொம்பப் பிடிச்ச கப்பல் அது. ஆனா நீளம் இருபது மீட்டர் அளவு தான், ஒரு மீட்டர் பிளாக்ல அந்த வளைவும் தையலும் வராது, அதைப் பண்றதா இருந்தா மூணு நாலு மடங்கு பெருசாக்கித் தான் பண்ணணும்.

நான் படாவியா பக்கம் சாயறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அது கணக்குல வராது. எங்களுக்கு பழவேற்காடு பக்கம். டச்சுக்காரன் 1613-ல கெல்ட்ரியா கோட்டை கட்டின ஊர், கோட்டை இப்ப வெறும் மேடும் புதரும் தான், கல்லறைத் தோட்டம் இருக்கு, வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்கும். படாவியா கப்பல் இங்க வந்ததில்ல, ஆனா அது போய்ச் சேர வேண்டிய படாவியா ஊருக்கு, இன்னைக்கு ஜகார்த்தா, இந்தக் கரைலேர்ந்து துணி போச்சு, அந்தத் துணியைக் கொடுத்து தான் அவன் மசாலா வாங்கினான். விக்டரி கட்டும்போது பையனுக்கு அது எங்கயோ ஒரு கப்பல். இதைக் கட்டும்போது ஒரு நாள் பழவேற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், கல்லறை எல்லாம் பார்த்துட்டு ஏரியைப் பார்த்து நின்னுட்டு, "மாமா, நம்ம கப்பல் இந்த ஏரிக்குள்ள வருமா?"ன்னு கேட்டான்.

வராது. ஏரி பல இடத்துல இடுப்பளவு தான், படாவியாவுக்கு தண்ணிக்குள்ளயே அஞ்சு மீட்டர் வேணும். அங்க இருந்த ஒரு படகுக்காரரும் அதையே தான் சொன்னார், முகத்துவாரம் மண் அடிச்சா எங்க ஃபைபர் படகே தட்டும் தம்பின்னு. அந்தக் காலத்துல பெரிய கப்பல் எல்லாம் வெளில கடல்ல தான் நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கை மசூலா படகுல ஏத்தி அலை தாண்டிக் கொண்டு போவாங்க. அதுவும் கயித்தால தச்ச படகு தான், உள்ள விலாக்கட்டை கிடையாது, அலை அடிச்சா உடையாம நெளிஞ்சு கொடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா கப்பலை இடம் மாத்தணும்னான். கரையோரம் தண்ணி ரெண்டு மூணு பிளாக் தான் இருந்துச்சு, கப்பலோட அடி மணல்ல புதைஞ்சு தான் நின்னுச்சு, எனக்கு அது உறுத்தவே இல்ல, அவனுக்கு உறுத்திடுச்சு. அப்ப தளமும் அடிப்பாகமும் மட்டும் தான் முடிஞ்சிருந்துச்சு, கட்டினதை அப்படியே வேற இடத்துல நகல் எடுக்குற குளோன் கமாண்ட்ல துண்டு துண்டா ஆழத்துக்கு மாத்தினோம், உள்ள ரொம்பின தண்ணியை மணல் கொட்டி அடைச்சு அப்புறம் மணலை வாரினோம், அதுக்கே ரெண்டு ஞாயிறு போச்சு. நீங்க முதல்லயே ஆழமான இடமா பார்த்து ஆரம்பிங்க.

இப்ப கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு மசூலா படகு கட்டியிருக்கான். ஒன்பது பிளாக் நீளம், மூணு அகலம், பக்கத்துக்கு டிராப்டோர். தையல் எல்லாம் தெரியாது தான், ஆனா தூரத்துலேர்ந்து கப்பலோட சேர்த்துப் பார்த்தா கப்பல் எவ்வளவு பெருசுன்னு அந்தப் படகு தான் சொல்லுது. அதுல கலர் கலரா வூல் பிளாக்கை துணிக்கட்டுன்னு அடுக்கி வச்சிருக்கான். சரக்கு அறைல ஒரு பிளாக் குறைச்சோம்னு சொன்னேனே, அதுல எத்தனை கட்டு கொள்ளும்னு எண்ணிட்டிருக்கான், ஃபோன் பண்ணா, "இங்கா ஒக்க வரிசையே மாமா"ங்கிறான் தெலுங்குல, இன்னும் ஒரே ஒரு வரிசை தான்னு.