ஃபெர்மி டெலஸ்கோப் டேட்டா: தினமும் யூஸ் பண்றவங்க பார்வையில

எங்க ரிசர்ச் குரூப்ல எல்லாரும் நாசாவோட ஃபெர்மி காமா கதிர் டெலஸ்கோப் டேட்டாலதான் வேலை பாக்குறோம், புதுசா வர்றவங்க "இத மட்டும் நம்பி பிஎச்டி பண்ணலாமா"ன்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன். தாராளமா பண்ணலாம்.

யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம், காசும் கிடையாது. வானத்துல எந்த இடம், சுத்தி எத்தன டிகிரி, எந்த தேதி, எந்த எனர்ஜி, இத கொடுத்தா போதும், 2008 ஆகஸ்ட்லேர்ந்து புடிச்ச போட்டான் (ஒளித் துகள்) ஒவ்வொண்ணும் திசை, நேரம், எனர்ஜியோட வந்துடும். கிட்டத்தட்ட 3 மணி நேரத்துக்கு ஒருதடவ மொத்த வானத்தையும் அது பாத்து முடிச்சிடுது, அதனால யாரும் கண்டுக்காத ஒரு பிளேசார் (நடுவுல இருக்குற ராட்சச கருந்துளை நம்ம பக்கமா ஜெட் பீச்சுற தூரத்து கேலக்ஸி) இன்னிக்கி திடீர்னு எகிறுச்சுன்னா அதோட பழைய கதை முழுசையும் உக்காந்த இடத்துலேயே தோண்டிடலாம். 2010ல பால்வீதி மையத்துக்கு மேலயும் கீழயும் தலா 25,000 ஒளியாண்டு நீளத்துக்கு நிக்குற குமிழிகள மூணு பேர் கண்டுபுடிச்சாங்கல்ல, அதுவும் இதே பொது டேட்டாலதான். எனக்கு அது இன்னும் சிலிர்க்குது.

குறைன்னா, குறைஞ்ச எனர்ஜில படம் ரொம்ப மங்கல். போட்டான் டங்ஸ்டன் தகட்டுல மோதி எலக்ட்ரான், பாசிட்ரானா பிரியுது, எனர்ஜி கம்மியா இருந்தா அதுங்க தகட்டுக்குள்ளயே செதறி திசை மாறிடும். 100 எம்இவில (எம்இவி, ஜிஇவி ரெண்டும் எனர்ஜி அளவு, ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி) 5 டிகிரி அளவுக்கு பிசிறும், முழு நிலாவே அரை டிகிரிதான்னு நெனச்சுக்கோங்க. அதனால பக்கத்துல இருக்குற சோர்ஸ் (காமா கதிர் விடுற பொருள்), பால்வீதியோட பின்னணி எல்லாத்தையும் மாடல்ல சேத்துதான் டேட்டாவோட பொருத்தி ஃபிட் பண்ணணும். 10 ஜிஇவிக்கு மேல போனா பளிச்னு இருக்கும்.

சாஃப்ட்வேர் ஃபெர்மிடூல்ஸ், கோண்டாங்குற இன்ஸ்டால் டூல் வழியா போட்டுக்கலாம், கூட ஃபெர்மிபைங்குற பைத்தான் பேக்கேஜையும் போட்டுக்கோங்க, பாதி வேலைய அதுவே பாத்துக்கும். பல வருஷ டேட்டான்னா லைவ்டைம் கணக்கு (எந்த இடத்த எவ்ளோ நேரம் பாத்துச்சுங்குறது) ரொம்ப நேரம் ஓடும், ராத்திரி போட்டுட்டு தூங்கப் போங்க. ஜெனித் கட் (பூமி விளிம்பு பக்கத்துலேர்ந்து வர்ற போட்டான வெட்டி எறியறது) மட்டும் மறக்காதீங்க, காஸ்மிக் கதிர் மோதி பூமியோட வளிமண்டலமே காமால ஜொலிக்கும், நான் அத விட்டுட்டு ஸ்பெக்ட்ரம் (எனர்ஜி வாரியா வெளிச்ச அளவு) ஏன் கீழ் எனர்ஜில தூக்குதுன்னு பத்து நாள் தேடினேன்.

மங்கலான சோர்ஸ்ல ஆரம்பிக்காதீங்க. 3சி 454.3 பிளேசார எடுத்து 2010 நவம்பர் ஃபிளேரோட (திடீர்னு எகிறுனதோட) லைட் கர்வ், அதாவது நேரத்தோட வெளிச்சம் எப்படி மாறுதுங்குற கிராஃப், வரைஞ்சு பாருங்க, அவ்ளோ போட்டான் குவியும், தப்பு பண்ணாலும் எங்கன்னு கண்ணுக்கே தெரியும்.