பில் மெயிலிலேயே பாஸ்வேர்டை அனுப்புகிறார்கள், உஷார்!

ஆன்லைனில் பூச்சி மருந்து, ஸ்பிரேயர், சொட்டுநீர்க் குழாய் வாங்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் இதைப் படியுங்கள். உங்களுக்கு வரும் பில் மெயிலைக் கடைசி வரி வரைக்கும் இறக்கிப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா மரங்கள்தான் அதிகம். விவசாயப் பொருள் விற்கும் ஒரு தளத்தில் கணக்கு வைத்து, பூ எடுக்கும் நேரத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து வாங்கலாம் என்று ஆறாயிரத்துச் சொச்சம் முன்பணம் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு ஆர்டருக்கும் தானாக ஒரு மெயில் வரும். பொருள், தொகை, முகவரி எல்லாம் சரி. அடியில் பொடி எழுத்தில் 'உங்கள் யூசர் ஐடி', அதற்குக் கீழே 'உங்கள் பாஸ்வேர்டு'. புள்ளி வைத்துக்கூட மறைக்கவில்லை, முழுசாக இருந்தது.

பில் என்றால் நாலு பேர் கைக்குப் போகத்தானே செய்யும்? பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுப்பார்கள், கணக்கு எழுதுபவரிடம் ஒன்று போகும், பார்சல் வாங்கப் போகும் பையன் ஒன்று வைத்திருப்பான். யார் மேலும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. தை மாதம் உள்ளே போய்ப் பார்த்தால் முன்பணம் காலி, டெலிவரி முகவரி ஓசூருக்கு மாறியிருக்கிறது. பூ கொட்டுவதற்குள் மருந்தடித்தாக வேண்டும். ரவுண்டானா பக்கத்துக் கடையில் கடன் சொல்லி வாங்கினார் சித்தப்பா.

கஸ்டமர் கேரில் சொன்ன பதில்தான் வயிற்றெரிச்சல்: "அது சிஸ்டத்துல இருந்து தானா போற மெயில் சார். பாஸ்வேர்டை நீங்கதான் பத்திரமா வச்சுக்கணும்."

'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பார்த்தேன். மாற்றிக்கொள்ள லிங்க் வர வேண்டிய இடத்தில் பழைய பாஸ்வேர்டே வந்து நின்றது. ஒழுங்கான நிறுவனம் பாஸ்வேர்டை ஹாஷ் செய்துதான், அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றித்தான் சேமிக்கும். அதைத் திருப்பி எடுத்து அனுப்ப அவர்களாலேயே முடியாது. இவர்களால் முடிகிறது என்றால், அத்தனை வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டும் அங்கே திருப்பி எடுக்கக்கூடிய வடிவில்தான் கிடக்கிறது என்று அர்த்தம். நாங்கள் மாற்றிய புது பாஸ்வேர்டையும் உடனே மெயிலில் அனுப்பி வைத்தார்கள்!

2011ல் வந்த மத்திய அரசு விதிகளில், காப்பாற்ற வேண்டிய அந்தரங்கத் தகவல் பட்டியலில் முதலில் நிற்பதே பாஸ்வேர்டுதான். வங்கிக் கணக்கு விவரம் அதற்கு அடுத்துதான் வருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தானாகப் போன மெயில் என்று கை கழுவுவது எந்த ஊர் நியாயம்?

சைபர் குற்றப் புகாருக்கான 1930க்கு போன் செய்து புகார் எண் வாங்கியிருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிவு செய்துவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை.

உங்கள் பில்லிலும் இப்படி ஒரு வரி இருந்தால், அந்தக் கணக்கில் முன்பணம் விட்டு வைக்காதீர்கள். அதே பாஸ்வேர்டை ஜிமெயிலுக்கும் வைத்திருந்தால் முதலில் ஜிமெயிலில் மாற்றுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது அடிப்பகுதியைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.