ஃபோர்டு வுடியா, பியூக் எஸ்டேட்டா?

மர பாடி வச்ச பழைய அமெரிக்கன் வேகன்ல (பின்னாடி சாமான் வைக்க கூரை நீண்ட கார், மர பாடி இருந்தா 'வுடி'ம்பாங்க) எது மேலன்னு கேட்டா நான் ரெண்டு வண்டியத்தான் பக்கத்துல வச்சு பாப்பேன், 1946-48 ஃபோர்டு சூப்பர் டீலக்ஸ், அப்புறம் 1953 பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட்.

ஃபோர்டுல மரம்ங்கிறது அலங்காரம் இல்ல, அதுதான் பாடியே. மிச்சிகன்ல அயர்ன் மவுண்டன்ல கம்பெனியோட சொந்த காட்டு மரத்த அறுத்து, அங்கயே பாடியும் செஞ்சாங்க. கூரை கூட மரச்சட்டம்தான், மேல தண்ணி இறங்காத துணி. அதனால மழைத்தண்ணி ஜாயிண்ட்ல இறங்குனா உள்ளுக்குள்ளயே இத்துப்போகும், வார்னிஷ் அடிச்சுக்கிட்டே இருக்கணும், இப்படி எத்தனையோ வண்டி போயிருச்சு, பாவம். 60கள்ல கலிஃபோர்னியா சர்ஃபிங் (கடல் அலையில பலகை வச்சு சறுக்குறது) பசங்க சல்லிசா வாங்கி ஓட்டுனதால கொஞ்சம் தப்பிச்சுது.

பியூக்ல கூரை ஸ்டீல், இன்ஜின் அந்த வருஷம்தான் வந்த புது வி8 (எட்டு சிலிண்டர்), ஓட்ட சொகுசு. அமெரிக்காவுல நிஜ மரம் வச்ச கடைசி பெரிய கம்பெனி வேகன் வரிசையும் இதுதான். ஆனா செஞ்சதே 670தான், மரம் போச்சுன்னா ஆசாரிய வச்சு புதுசா இழைக்கணும். ஃபோர்டுக்கு ரெடிமேடா செஞ்ச மர பாகங்க செட்டாவே கிடைக்குது.

அபூர்வம்னா பியூக்தான், சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு ஃபோர்டு. அந்த மேப்பிள் சட்டத்த கையால தடவிப் பாத்தா வேற வண்டி பிடிக்காது.