ஊர் வீட்டில் நெட் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

கும்பகோணம் வீட்டில் மாதாமாதம் பணம் கட்டுவது 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. படுக்கையறையில் போனுக்கு வந்தது 6. லீவில் வருகிறவர்கள் உடனே லைன்மேனைக் கூப்பிட வேண்டாம். குறை தெருக் கம்பத்திலா, வீட்டுக்குள்ளேயா என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

லேப்டாப்பை லேன் வயரில் ஃபைபர் மோடத்தோடு நேராகச் சொருகி, வைஃபையை அணைத்து, காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் வேகத்தைப் பாருங்கள். 90க்கு மேல் வந்தால் லைனில் குறையில்லை. 200 திட்டம் போட்டும் 94ஐத் தாண்டவில்லையா? மோடத்தின் போர்ட் பழைய 100 வகையாக இருக்கும், இல்லையென்றால் லேன் வயரின் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும். 100க்கு நான்கு இழை போதும், அதற்கு மேல் எட்டும் வேண்டும்.

பெரும்பாலும் குறை வைஃபையில்தான். மோடம் டிவி ஸ்டாண்டுக்குள், பக்கத்திலேயே இரும்பு பீரோ. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டும், ஆனால் தெருவே அதில்தான் நெரிகிறது. அதில் சேனலை 1, 6, 11 மூன்றில் காலியானதாக மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

மாடிக்கு ரிப்பீட்டர் வாங்காதீர்கள். பெரும்பாலான ரிப்பீட்டர்கள் ஒரே அலையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். மோடத்திலிருந்து மாடிக்குக் கேட்6 லேன் வயர் இழுத்து, பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, அதன் ஐபி முகவரியை மோடத்தோடு மோதாதபடி மாற்றி, வயரை வேன் (WAN) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் சொருகினால் போதும். வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான், ஆனால் மடிக்கிற இடத்தில் சீக்கிரம் முறியும்.

லேன் வயரிலேயே வேகம் இல்லையென்றால் ஃபைபரைப் பாருங்கள். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் (பலவற்றில் முகவரி 192.168.1.1) ஆப்டிகல் பவர் என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவே இருக்க வேண்டும், மைனஸ் 25ஐத் தாண்டி 26, 27 என்று போனாலே கவனிக்கணும். ஜன்னல் ஓரம் போய்ப் பார்த்தால் காரணம் கண்ணிலேயே படலாம்: வெள்ளை ஃபைபரை ஆணியில் இறுக்கிச் சுற்றி, மேலே கொடித்துணி வேறு. டம்ளர் வாயளவு வளைவுக்குக் கீழே போனால் ஒளி கசியலாம். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், விரலாலும் தொடாதீர்கள்.

புகார் சொல்லும்போது "நெட் ஸ்லோ" என்றால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள். "பவர் மைனஸ் 29 காட்டுது, ஃபைபர் ஒட்டணும்" என்றால் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வர வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவோடு பேசும்போது குரல் சற்றுத் தாமதமாகப் போவது பெரும்பாலும் தூரத்தால் வருவது. அதற்காகத் திட்டத்தை உயர்த்துவது வீண் செலவு.

கரண்ட் போனால் கூடவே நெட்டும் போகிற வீட்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கிவையுங்கள். மோடம் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்குக் குறையாததாக வாங்கணும்.

கணக்கில் பதிந்திருக்கும் நம்பர் யாருடையது என்றும் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பழைய சிம்முக்கு ஓடிபி போனால், அப்பாவால் ஒரு புகார்கூடப் பதிய முடியாது. கிளம்புவதற்குள் அவர் நம்பருக்கு மாற்றிவிடுங்கள்.