பேஸ்பால் கேமுக்கு ரேட்டிங் ஷீட் வாங்காதீங்க, எனக்கு 85 டாலர் போச்சு

முந்தாநாள் ராத்திரி பணம் கட்டினேன். இன்னும் வயிறு எரியுது. 85 டாலர்!

நியூ ஜெர்சியில ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து பேஸ்பால் மேனேஜர் கேம் ஆடுறோம். பழைய சீசன் ஆட்டக்காரங்களை டிராஃப்ட்ல (ஆளாளுக்கு முறை வச்சு தேர்ந்தெடுக்கிறது) எடுத்து டீம் கட்டணும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், யாரை எடுக்கிறதுன்னே எனக்குப் பிடிபடல. அப்பதான் ஆட்டக்காரங்களுக்கு மார்க் போட்டு ஷீட் விக்கிற ஒரு ஆன்லைன் கடை கண்ணுல பட்டுச்சு.

நான் விழுந்தது அவங்க சும்மா காட்டின ஒரு பக்கத்துல. 2004-ல பேட்டர் இச்சிரோ 262 ஹிட் (பந்தை அடிச்சு பேஸுக்குப் போறது), ஆவரேஜ் (அடிக்கக் கிடைச்ச வாய்ப்புல ஹிட் ஆன விகிதம்) .372. இன்னொரு பேட்டர் பாரி பாண்ட்ஸுக்கு .362 தான். ஆனா பாண்ட்ஸ் 232 வாக் (பிட்சர், அதாவது பந்து வீசுறவர், நாலு தப்பான பந்து போட்டா அடிக்காமலே முதல் பேஸுக்குப் போறது) வாங்கியிருக்கார், ஆன்-பேஸ் (ஹிட், வாக் எல்லாம் சேர்த்து பேஸுக்குப் போற விகிதம்) .609, இச்சிரோவுக்கு .414. "ஆவரேஜை மட்டும் பார்த்து எடுக்காதீங்க"ன்னு எவ்வளவு பக்குவமா எழுதியிருந்தாங்க தெரியுமா? சரிபார்த்தேன், ஒரு எண் கூடத் தப்பில்ல. விஷயம் தெரிஞ்சவங்கன்னு நம்பி கார்டு நம்பரைப் போட்டேன்.

ஷீட்டைத் திறந்தா வாக் எண்ணிக்கைக்குன்னு ஒரு காலமே (column) இல்ல! பேட்டர்களை வெறும் ஆவரேஜ் வரிசையில அடுக்கி, பக்கத்துல நட்சத்திரம் போட்டு வச்சிருக்காங்க. கொலராடோ டீமோட டென்வர் மைதானம் கடல் மட்டத்துக்கு ஒரு மைல் மேல இருக்கு, காத்து லேசு, பந்து பறக்கும். அங்க குவிச்ச ரன்னைக் கொஞ்சம் கழிச்சுத்தான் மதிப்புப் போடணும். இதுல கொலராடோ ஆளுங்க அப்படியே உச்சியில உக்கார்ந்திருக்காங்க. பிட்சர்களுக்கு வின்னும் (டீம் ஜெயிச்சா பிட்சர் கணக்குல சேர்றது) ஈஆர்ஏவும் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா விட்ட ரன், ஃபீல்டர் பிழையால வந்தது நீங்கலா) மட்டும். பின்னால நிக்கிற ஃபீல்டர் மெதுவா ஓடி, எட்ட வேண்டிய பந்தை எட்டாம விட்டா அந்த ரெண்டுமே கெட்டுப்போகும். பிட்சர் கையில நிஜமா இருக்கிற ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் ஆக்குறது), வாக், ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) எங்கேன்னு கடைக்காரங்ககிட்ட கேட்டேன்.

"ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க"ன்னாங்க. அனுப்பினேன். "கேம்ல அதிர்ஷ்டமும் உண்டு சார்." அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பணத்தைக் கேட்டதும், "டவுன்லோட் பண்ணிட்டீங்க, ரீஃபண்ட் கிடையாது." நேத்து சாயங்காலத்துல இருந்து பதிலே இல்ல. இணையத்துல இலவசமாக் கிடக்கிற எண்களை வெட்டி ஒட்டினதுக்கு 85 டாலர்!

எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. மாதிரிப் பக்கத்தை நம்பாதீங்க. முழு ஷீட்ல என்னென்ன காலம் இருக்குன்னு முதல்ல கேளுங்க. ஆன்-பேஸ் இல்லாததைத் தொடவே தொடாதீங்க. டெபிட் கார்டு வேண்டாம். பேங்க்ல புகார் கொடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல. சனிக்கிழமை டிராஃப்ட், கையில ஒரு பட்டியலும் இல்ல.