மாடி ஹாலில் யோகா சென்டர்: ஏழெட்டு வருஷத்தில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

சென்டர் ஆரம்பிக்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருபவர்கள் முதலில் விசாரிப்பது மேட் எந்த கம்பெனி, சுவரில் கண்ணாடி பதிக்கலாமா, போர்டு எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்பதைத்தான். நேரத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. குரோம்பேட்டையில் வாடகைக்கு எடுத்த ஒரு முதல் மாடி ஹாலில் நடத்திப் பார்த்த வரையில், வகுப்பு நிலைப்பது அந்தத் தெரு வீடுகளில் எத்தனை மணிக்குக் குக்கர் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

காலை 5:30 பேட்ச்சுக்கு வருபவர்கள் ரிட்டையர் ஆன சார்களும் வேலைக்குப் போகும் பெண்களும். 6:30க்கு முடித்தே ஆக வேண்டும். ஐந்து நிமிஷம் நீட்டினால் சவாசனத்தில் படுத்திருப்பவரின் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். ஸ்கூல் வேன் வரும் நேரம் அவருக்கல்லவா தெரியும். வீட்டிலிருக்கும் பெண்களுக்கு 9:30 தோதான நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிப்படாது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு எட்டரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டவரை ஒன்பதரைக்குக் குனியச் சொன்னால் நெஞ்சுக்கு ஏறிவரும். 11 மணி பேட்ச் அதனால்தான் நிற்கிறது: டிபன் செரித்திருக்கும், மதியச் சமையலைப் பாதி முடித்துவிட்டு வந்திருப்பார்கள். மாலையில் 6 மணி. ஏழுக்கு மேல் சீரியல், அதோடு யாரும் போட்டி போட முடியாது.

வருஷத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜனவரியில் புது முகங்கள் வந்து பொங்கலுக்கு முன்பே பாதி கரைந்துவிடும். மார்கழியில் காலை பேட்ச் மெலியும்; கோலமும் கோயிலும் அதே நேரம். பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் அம்மாக்களுக்கும் பரீட்சைதான். ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளுக்கான கோடை வகுப்பு வாடகையைத் தூக்கி நிறுத்தும். 2014இல் ஐ.நா. அறிவித்து 2015 முதல் ஜூன் 21 யோகா தினம் ஆனதால், அந்த வாரம் மட்டும் ஃபோன் ஓயாது. அன்று இலவச வகுப்பு வைத்தால் ஹால் வாசல் வரை ஆள் நிற்கும். ஜூலையில் மிஞ்சுபவர்கள் ஓரிருவர். இருந்தாலும் வைக்கிறேன், தெருவில் முகம் தெரிய வேறு மலிவான வழி இல்லை.

இனி சாமான்கள். ஹால் 450 சதுர அடி. கை காலை நீட்ட ஒரு ஆளுக்கு முப்பது சதுர அடி என்று வைத்தால் என்னோடு சேர்த்து 15 பேர். பதினாறாவது ஆள் வந்தால், கையைத் தூக்கிப் பக்கவாட்டில் வளையும் அர்த்தகடி சக்கராசனத்தில் ஒருவர் கை இன்னொருவர் முகத்தில். தரை வழுக்கும் டைல்ஸ். பத்து மில்லிமீட்டர் தடியான ஃபோம் மேட் முட்டிக்கு இதம், ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் நிலையாக நிற்க முடியாது, கால் அமுங்கி ஆடும். இரண்டு வருஷத்தில் குதிகால் பட்ட இடமெல்லாம் குழி. ரப்பர் மேட் பிடிமானத்தில் ராஜா, ஆனால் வெயிலில் காயப்போட்டால் வெடித்து உதிரும். சென்னைப் புழுக்கத்தில் சுருட்டியே வைத்தால் நாறும். நடைமுறைக்கு நின்றது ஆறு மில்லிமீட்டர் பிவிசி மேட், அதன்மேல் அவரவர் வீட்டுப் பவானி ஜமுக்காளம். வியர்வையை ஜமுக்காளம் குடித்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். நிற்கும் ஆசனங்களுக்கு மட்டும் அதை மடித்து ஓரம் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வழுக்கும். யோகா குரு சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் பத்தமடை, கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ப் பாய் ஒன்று எங்கள் ஹாலிலும் இருக்கிறது. டைல்ஸில் படுப்பதற்கு மட்டும்தான் அது சரி.

வாங்கியதிலேயே அதிகம் உழைத்தவை நாற்காலிகள். யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார், நாற்காலி, பெல்ட், கயிறு என்று துணைச் சாமான்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அறுபது வயதுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் புரியும். கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. எடையை ஒரு பக்கம் சாய்த்தால் கால் விரிந்து சறுக்கும், கைப்பிடி இடுப்பைத் திருப்ப விடாது. கைப்பிடி இல்லாத இரும்பு மடக்கு நாற்காலி, நான்கு காலும் யோகா மேட் மேல், முதுகு சுவரை ஒட்டி. தரையில் உட்காரவே முடியாது என்று சொல்லித் திரும்பப் போன ஒரு மாமி, இந்த ஏற்பாட்டுக்கு அப்புறம் ஒரு நாள்கூட விடுவதில்லை. ஒரு சுவரையாவது அலமாரி, படம் எதுவும் இல்லாமல் காலியாக விடுங்கள். கண்ணாடி வேண்டவே வேண்டாம், புடவைத் தலைப்பைச் சரிசெய்வதிலேயே கவனம் போய்விடும்.

சேரும்போதே ஒரு நோட்டில் பிரஷர், சர்க்கரை, கண் அழுத்தம், குடலிறக்கம், ஆபரேஷன், கர்ப்பம் எல்லாம் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். கண் அழுத்தம் இருப்பவர் தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது; பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கிடையாது. தலைகீழாக நிற்கும் சிரசாசனம் எங்கள் ஹாலில் யாருக்குமே இல்லை. இதனால் சில இளைஞர்கள் போய்விட்டார்கள், போகட்டும்.

பணம். மாதம் 800 ரூபாய், மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் 2,100. ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள். ‘இந்த மாசம் பத்து நாள்தானே வந்தேன் மேடம், கழிச்சுக்கோங்க’ என்பதற்கு ஒரு முறை தலையாட்டினால் அடுத்த மாதம் பத்துப் பேர் கேட்பார்கள். வாடகை நாள் கணக்கில் வாங்கப்படுவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். முடியாதவர்களுக்குக் குறைப்பது உண்டு, அது தனியாக, இன்னொருவருக்குத் தெரியாமல். ஹால் எடுக்குமுன் மின் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது. வணிக இணைப்புக்கு மாற்றினால் யூனிட் விலை ஏறும், வீடுகளுக்கான 100 யூனிட் இலவசமும் கிடையாது. ஏசி போடும் ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018இல் வந்த யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வு எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதுங்கள். தெருக்காரர்கள் கேட்க மாட்டார்கள், அடுக்குமாடி அசோசியேஷனும் பள்ளிக்கூடமும் கேட்கும்.

அக்கம்பக்கத்தில் மந்திரம் சத்தம் என்று யாரும் குறை சொன்னதில்லை. சண்டை வந்ததெல்லாம் ஸ்கூட்டரால். பக்கத்து வீட்டு கேட்டை மறைத்து ஒரே ஒரு வண்டி நின்றால் போதும். அதனால் காலை பேட்ச்சில் நடந்து வருபவர்களுக்கே முதலிடம். வண்டியில் வருபவர்கள் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆள் மாற்று ஏற்பாடு இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள். நமக்கும் காய்ச்சல் வரும், ஊரில் கல்யாணம் வரும். இரண்டு நாள் மூடினால் மூன்றாம் நாள் பாதிப் பேருக்கு வழக்கம் விட்டுப்போகும். பழைய மாணவிகள் இருவரைப் பழக்கி வைத்திருக்கிறேன். அவர்கள் எடுக்கும் வகுப்புக்கு அன்றே கையில் பணம் கொடுத்துவிடுவேன். ஒருவர் இப்போது மாலை பேட்ச்சை முழுதாகவே எடுத்துக்கொள்கிறார், அங்கே கூட்டம் என் காலை பேட்ச்சைவிட அதிகம்.