வீட்டுக்கே வந்து நாய்க்குப் பயிற்சி: கானாடுகாத்தானில் 12 வகுப்புகள்

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு வாரம் இரண்டு நாள் வந்து, எங்கள் வீட்டு நாய்க்குப் பயிற்சி கொடுத்த ஒருவரின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். மொத்தம் 12 வகுப்புகள். ஒவ்வொன்றும் 45 நிமிடம். போக்குவரத்துச் செலவு உட்படக் கட்டணம் 9,600 ரூபாய். குறைகளையும் சேர்த்துச் சொல்லப்போவதால் அவருடைய பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கொடுத்த பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், நாய்க்குத் தீனி கொடுப்பதற்கும் வெகுமதி கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் இருக்கும் ஐந்து பேரும் கற்றுக்கொண்டோம் என்பேன். நாய் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

எங்கள் மயிலை ஒன்றரை வயதுள்ள சிப்பிப்பாறைப் பெண் நாய். சாம்பல் கலந்த வெண்மை நிறத்துக்காக அந்தப் பெயர். முதலில் வேறொருவரை அமர்த்தியிருந்தோம். அவர் இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் போட்டு, "சிட்" என்று அதட்டி, உட்காராவிட்டால் வெட்டி இழுப்பார். மூன்றே வகுப்புகளில் மயிலை உட்காரக் கற்றதோ இல்லையோ, சங்கிலிச் சத்தம் கேட்டாலே வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தூணுக்குப் பின்னால் போய் ஒடுங்கி நிற்கக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்த அன்றே அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மூன்று வகுப்புகளை அனுமதித்தது குறித்து இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போதைய பயிற்சியாளர் முதல் நாள் நாயைத் தொடவே இல்லை. என்னையே பயிற்சி கொடுக்கச் சொல்லி, அதைத் தம் கைபேசியில் படம் பிடித்தார். வேகவைத்த கோழி ஈரலைப் பொரிகடலை அளவுக்கு நறுக்கி இடுப்பில் ஒரு சிறு பையில் கட்டிக்கொண்டு, "உட்கார்" என்று பத்து முறை சொன்னேன். பிறகு அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் வலக்கை பைக்குள் போய்விடுகிறது. மயிலை என் முகத்தையோ குரலையோ கவனிக்கவில்லை, கையையே பார்க்கிறது. அது உட்காருகிறது. நான் பைக்குள் துழாவி ஒரு துண்டை எடுத்து நீட்டுவதற்குள், வாசனை பிடித்து எழுந்துவிடுகிறது. எழுந்து நிற்கும் நாயின் வாயில்தான் துண்டு போகிறது. பத்தில் ஏழு முறை இப்படித்தான் நடந்திருந்தது. உட்காருவதற்குக் கொடுக்கிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வெகுமதி உண்மையில் எழுந்து நிற்பதற்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் நாய் வைத்திருந்து, "எவ்வளவு கொடுத்தாலும் படியவில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்கள், வேறு எதுவும் செய்யாவிட்டாலும், இப்படி ஒரு முறை தங்களைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

செயலுக்கும் வெகுமதிக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் போனால், எதற்காகக் கிடைத்தது என்பது நாய்க்குப் பிடிபடாது. ஆனால் பைக்குள் கைவிட்டு எடுக்கவே இரண்டு நொடி ஆகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒரு அடையாள ஒலி தேவைப்படுகிறது. மணியோசையோ வேறு ஒலியோ உணவுக்கு முன்னறிவிப்பாகத் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்யாவின் பாவ்லோவ் காட்டியதைப் பள்ளியில் படித்திருக்கிறோம்; அதையே இங்கே வேலைக்கு அமர்த்துகிறார்கள். 1940களில் அமெரிக்காவில் கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் விலங்குப் பயிற்சியில் இதைக் கொண்டுவந்தார்கள். இன்று கிளிக்கர் என்ற சிறு கருவி இதற்காகவே கடையில் கிடைக்கிறது. நாங்கள் முதலில் "சரி" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை "சரி" விழுகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லிப் பயிற்சியாளர் அதை மறுத்துவிட்டார். கடைசியில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கும் ஒலி என்று முடிவாயிற்று. இரண்டு நாள் எதுவும் கேட்காமல், சொடுக்கு, உடனே ஒரு துண்டு, சொடுக்கு, உடனே ஒரு துண்டு என்று மட்டும் கொடுத்தோம். மூன்றாம் நாள் சொடுக்கியதும் தூக்கத்திலிருந்து காதை நிமிர்த்தியது. அதன் பிறகு பின்பாகம் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் சொடுக்கினால் போதும். துண்டு நிதானமாக வரலாம்.

"படு" என்பதில் மட்டும் மயிலை ஒரு வாரம் அசையவே இல்லை. அடம் என்று நினைத்தோம். பயிற்சியாளர் குனிந்து பின்னங்கால்களைப் பார்த்துவிட்டு, ஒரு கோரைப்பாயைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் வளவு முழுவதும் ஆத்தங்குடித் தரைக்கல். பல ஆண்டு துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. மயிலை மெலிந்த நீண்ட கால்களை மடக்க முயலும்போதெல்லாம் நகங்கள் பிடிமானமில்லாமல் பின்னால் சறுக்கியிருக்கின்றன. பாயில் நிறுத்தியதும் நான்காவது முயற்சியிலேயே படுத்தது. எவ்வளவு நல்ல வெகுமதியை நீட்டினாலும் உடம்புக்கு அச்சம் இருக்கும் இடத்தில் அது எடுபடாது. செட்டிநாட்டு வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வகுப்பைக் காலை ஆறரைக்கு வைத்ததும் இதே காரணத்தால்தான்: ஒன்பது மணிக்கு மேல் முற்றத்துத் தரை பாதம் வைக்க முடியாதபடி சுட்டுவிடுகிறது.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஐந்தாம் வகுப்பில் வந்தது. வீட்டுக்குள் ஈரலுக்கு உயிரைக் கொடுக்கும் மயிலை, வாசலைத் தாண்டிவிட்டால் அதை முகர்ந்துகூடப் பார்க்காது. வேறொருவராக இருந்தால் பட்டினி போட்டுக் கூட்டிவரச் சொல்லியிருப்பார். இவரோ, சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம், அதற்கு வயிற்றைவிட ஓட்டமே பெரிது என்று சொல்லி, ஒரு மூங்கில் கழியின் நுனியில் கயிறு கட்டி, அதில் பழைய துணித்துண்டு ஒன்றை முடிந்து எடுத்துவந்தார். துண்டைத் தரையில் இழுத்து ஓட்டினால் மயிலைக்கு மெய்ம்மறந்துவிடுகிறது. துண்டை நிறுத்திவிடுவார், மயிலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கும், சொடுக்கு, உடனே துண்டு மறுபடி ஓடும். பிறகு கூப்பிட்டால் வர வேண்டும், வந்தால் துண்டு ஓடும். விரும்பிச் செய்யும் ஒன்றை, அவ்வளவாக விரும்பாத ஒன்றுக்கு வெகுமதியாக்குவதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரெமாக் 1959இல் ஒரு விதியாகவே எழுதியிருக்கிறாராம். கீரையைச் சாப்பிட்டால்தான் கந்தரப்பம் என்று வளர்க்கப்பட்ட எனக்கு அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. வெகுமதி எது என்பதைக் கொடுப்பவர் தீர்மானிக்க முடியாது, வாங்குகிற நாய்தான் தீர்மானிக்கிறது என்பதை அன்று கண்ணெதிரே கண்டேன்.

நாமறியாமல் கொடுக்கும் வெகுமதிகளும் இருக்கின்றன. என் தாயார் மாலையில் பட்டாசாலையில் உட்கார்ந்து தேன்குழல் சாப்பிடும்போது மயிலை எதிரே நின்று குரைக்கும். அவரும் இரக்கப்பட்டு ஒரு துண்டு ஒடித்துப் போடுவார். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்ன விதம் அழகானது. "ஆச்சி, அது குரைக்கிறப்போ குடுத்தா, குரைச்சாத்தான் கிடைக்கும்னு படிச்சுக்கிரும். பேசாமப் படுத்திருக்கிறப்போ நீங்களே கூப்பிட்டுக் குடுங்க." என் தாயார், "அப்பப் பாவம் பாக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டார். "பாருங்க ஆச்சி, சத்தம் நின்ன பிறகு பாருங்க" என்றார். முதல் நான்கு நாட்கள் குரைப்பு முன்னைவிட அதிகமாயிற்று. அப்படி ஆகும், அப்போது மனம் இளகினால் எல்லாம் கெட்டது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். பத்து நாளில் நின்றது. தேன்குழலுக்குப் பதிலாக இப்போது வேகவைத்த காரட் துண்டு ஒரு கிண்ணத்தில் அவர் பக்கத்தில் இருக்கிறது.

தீனியைப் பற்றி அவர் சொன்னவை எல்லாம் சரியாகவே இருந்தன. வெகுமதியாகப் போவது நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அன்றைய தட்டில் அந்த அளவைக் குறைத்துவிட வேண்டும். நம் அடுப்படியில் வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு கிடையாது, இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுப்பவை. ஆகவே குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவை அறவே ஆகாது. பழகிவிட்ட கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் தீனி தர வேண்டியதில்லை, சில முறை தீனி, சில முறை தடவல், சில முறை துண்டு ஓட்டம் என்று எதிர்பாராத வகையில் மாற்றிக் கொடுத்தால்தான் பழக்கம் நீடிக்கும் என்பதையும் எட்டாம் வகுப்பிலிருந்து செய்யவைத்தார்.

இனி குறைகள். 12 வகுப்புகளில் இரண்டை அன்று காலையில் தகவல் சொல்லித் தள்ளிப்போட்டார். பயிற்சி சூடுபிடித்திருந்த நேரத்தில் ஒன்பது நாள் இடைவெளி விழுந்தது. எழுத்தில் எந்தக் குறிப்பும் தருவதில்லை. நான் நோட்டில் எழுதிவைத்திருக்காவிட்டால் பாதி மறந்திருக்கும். நான்காம் வகுப்பில் பொட்டலத் தின்பண்டம் இரண்டை 700 ரூபாய்க்கு விற்றார். அவற்றில் ஒவ்வொரு துண்டும் விரல் நீளம். கடித்து மென்று முடிப்பதற்குள் நாய்க்குப் பாடமே மறந்துவிடும் என்று அவரே சொன்ன இலக்கணத்துக்கு அது பொருந்தவில்லை. கால் கிலோ ஈரல் வாங்கி வேகவைத்து உறைபெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் வருகிறது, செலவும் மிகக் குறைவு. எட்டு வயதான என் மகளை வகுப்பில் சேர்த்துக்கொள்ள நான்தான் கேட்க வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகு எங்கள் எல்லோரையும்விடச் சரியான கணத்தில் சொடுக்குகிறவள் அவள்தான்.

வெளியில் கூப்பிட்டால் திரும்பி வருவதுதான் நாங்கள் முக்கியமாகக் கேட்டது. அது இன்னும் முழுமையாகவில்லை. சென்ற வாரம் ஊருணிக் கரையில் நீளக்கயிற்றில் விட்டிருந்தபோது ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியது. மயிலை பாய்ந்தது, கூப்பிட்டேன், பாதி வழியில் தயங்கி நின்று, திரும்பி என்னைப் பார்த்தது. சொடுக்கினேன். ஓடி வந்தது. இடுப்புப் பையில் இருந்த ஈரல் முழுவதையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, துண்டு கட்டிய கழியை எடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் மூன்று முறை கூப்பிட்டதில் இரண்டு முறைதான் வந்தது. கயிறில்லாமல் விடுவதற்கு இன்னும் சில மாதமாகும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். வகுப்புக்கு 800 ரூபாய் வீதம் மேலும் நான்கு வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறோம், இந்த முறை ஊருணிக் கரையிலேயே நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு.